வயல் சேறு படிந்த கார் சக்கரங்களுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓடும் காரின் சக்கரம், பிரேக், வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு) எல்லாவற்றையும் நாமே சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வேண்டாம். ஈரக்காற்றில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. மாசி, பங்குனி நல்லது.

ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள், காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் கட்டாயம். வீல் ஆர்ச்சில்தான் அதிக வேலை. நம் வண்டல் களிமண் வெளியே காய்ந்திருந்தாலும் மடிப்புகளுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். வேதாரண்யம் பக்கம் போனால் உப்பும் சேரும். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகச் சுரண்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

பிரேக் தூசியை ஊதவே கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். காலிப்பருக்கு (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) வெப்பம் தாங்கும் பெயின்ட்தான் வேண்டும். டிஸ்க்கில் பேட் உரசும் இடத்தில் ஒரு துளியும் படக்கூடாது.

சக்கரத்துக்கு 400 எண் உப்புத்தாள், பிரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம் மெல்லிய பூச்சுகள். நட்டு உட்காரும் இடத்தை டேப்பால் மறைத்துவிடுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் நட்டு தளரும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.