சோலோவா, டீமா? முதலில் ஏப்ரல் கடனைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஸ்காபரோவில் சொந்த வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். ஏழு வருடமாக லோங் ஹோல், அதாவது நீண்டதூர ட்ரக் ஓடுகிறேன். ரொறன்ரோவிலிருந்து டெக்சஸ் பக்கம், சோலோ, தனியாகத்தான். மைலுக்கு 62 சதம், கிழமைக்குச் சராசரி 2,600 மைல். ட்ரக் கொம்பனியுடையது. மூன்று வருடமாக என் பெயரில் ஓர் இன்கோப்பரேஷன் (தனிக் கொம்பனி) பதிந்து அதற்குத்தான் செக் வருகிறது. பிடித்தம் எதுவும் இல்லை. கணக்காளர் அதை டிவிடெண்டாக, அதாவது இலாபப் பங்காகக் காட்டுகிறார். வரி கட்டுவதற்காக ஒவ்வொரு ஏப்ரலிலும் வீட்டை ஈடுவைத்த லைன் ஒஃப் கிரெடிட் கடனிலிருந்து 15,000 டொலர் அளவில் எடுக்கிறேன். இப்போது அதில் 46,000 நிற்கிறது. வட்டி மட்டும்தான் கட்டுகிறேன். மனைவியின் தம்பி மூன்று வருடத்துக்கு முன் கனடா வந்தார், வந்த நாளிலிருந்து அவருக்கு மாதம் 1,000 கொடுக்கிறேன். அவர் போன வருடம் பெரிய ட்ரக் ஓட்டும் ஏ.இஸட். லைசன்ஸ் எடுத்தார். இருவரும் டீமாக ஓடினால் மைலுக்கு 84 சதம், கிழமைக்கு 5,000 மைல் தருவதாகக் கொம்பனி சொல்கிறது. அதோடு அவர்களின் லீஸ் ரு ஓன் (தவணை கட்டி முடித்தால் சொந்தமாகும்) ட்ரக்கையும் எடுப்போம் என்று மச்சான் ஒரே பிடியாக நிற்கிறார். முற்பணம் 20,000. சோலோவாகவே ஓடுவதா, டீமுக்கு மாறுவதா? நித்திரை இல்லை.

பதில்: டீம் ஓட்டம் எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டப்படி 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். ஒருவர் ஸ்லீப்பரில் படுத்திருக்கும்போது மற்றவர் ஓட்டினால் ட்ரக் நிற்காது. அதற்குத்தான் கொம்பனி கூடுதல் காசு தருகிறது. நான் பார்க்க விரும்புவது உங்கள் ஏப்ரல் மாதத்தை.

மாதம் 1,000 என்றால் மச்சானுக்கு வருடத்துக்கு 12,000. 46,000 கடனுக்கு 6 வீதம் என்று வைத்தால் வட்டி 2,760. இரண்டையும் கூட்டினால் 14,760. ஏப்ரலில் லைனிலிருந்து எடுப்பது எவ்வளவு? 15,000. வரி கட்டக் கடன் எடுப்பதாகத்தான் இவ்வளவு நாளும் எண்ணியிருக்கிறீர்கள். உண்மையில் வரிக்காசு மாதாமாதம் மச்சான் கைக்குப் போய்விடுகிறது. பிறகு அந்த ஓட்டையை வீட்டை வைத்து அடைக்கிறீர்கள். உதவி செய்வது பிழை என்று நான் சொல்லவில்லை. வந்து இறங்கிய ஒருவரை யாரோ தாங்கித்தான் ஆகவேண்டும், எங்களில் பலரும் அப்படித் தாங்கப்பட்டவர்கள்தான். ஆனால் கொடுக்கிற காசு உங்களுடையதாக இருக்க வேண்டும். கிழமைக்கு வரும் 1,612 டொலர் செக்கில் கிட்டத்தட்ட 500 உங்களுடையது அல்ல. அது அரசாங்கத்துக்குப் போகவேண்டியது. முழுச் செக்கையும் உழைப்பென்று எண்ணிச் செலவழிக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. சோலோ, டீம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு டீமுக்குப் போனால் என்ன நடக்கும்? 5,000 மைலுக்கு 84 சதம், 4,200. ஆளுக்கு 2,100. இப்போதையைவிடக் கிழமைக்கு 488 கூட. 48 கிழமைக்கு 23,000க்கு மேல். பெரிய காசுதான், நான் மறுக்கவில்லை. அதில் மூன்றிலொன்று வரிக்குப் போகும். செக் பெரிதாகும், ஏப்ரல் பள்ளமும் பெரிதாகும். அந்த நேரம் 15,000 போதாது, 22,000 எடுப்பீர்கள்.

இன்னொன்று உங்கள் கணக்காளர் சொல்லியிருக்க வேண்டியது. ஒரே கொம்பனிக்கு, அவர்களுடைய ட்ரக்கை, அவர்களுடைய டிஸ்பற்ச் சொல்கிறபடி ஓட்டுகிறீர்கள். உங்கள் இன்கோப்பரேஷனில் உங்களைத் தவிர வேலையாட்கள் இல்லை. 'ட்ரைவர் இன்க்' என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டை வரித்துறையான சி.ஆர்.ஏ. பேர்சனல் சேர்விசஸ் பிசினஸ், அதாவது கொம்பனிப் பெயரில் செய்யும் சம்பள வேலை என்று கொள்ளலாம். அப்படிக் கொண்டால் ஒன்ராறியோவில் 12.2 வீதச் சிறுதொழில் வரி கிடையாது, 44.5 வீதம். வித்தியாசம் 32.3. வருடத்துக்கு 70,000 இலாபம் காட்டியிருந்தால் ஏறக்குறைய 22,600. மூன்று வருடத்துக்கு 68,000 அளவில், வட்டி வேறு. உங்கள் லைனில் நிற்கும் கடனைவிடப் பெரிய தொகை இது. 'எல்லாரும் இப்படித்தானே ஓடுகிறார்கள்' என்று யார்டில் சொல்வார்கள். எல்லாருக்கும் கடிதம் ஒரே நாளில் வருவதில்லை.

ஆகவே உங்கள் கொம்பனியிடம் முதலில் கேட்கவேண்டியது ரி4 வேலை, அதாவது வரியைப் பிடித்துக்கொண்டு சம்பளம் தரும் வேலை. மைலுக்கு நாலைந்து சதம் குறைத்துத் தந்தாலும் எடுங்கள். சி.பி.பி. ஓய்வூதியத்தில் கொம்பனியும் பாதி கட்டும், வேலை போனால் ஈ.ஐ. காப்புறுதி இருக்கும், குறைந்தது 4 வீத விடுமுறைச் சம்பளம் வரும். நீண்டதூர ட்ரைவர்கள் சாப்பாட்டுச் செலவில் 80 வீதத்தை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரசீது சேர்க்காத முறையில் ஒரு வேளைக்கு 23 டொலர், நாளுக்கு மூன்று வேளை, 69 டொலர். வருடத்தில் 220 நாள் வெளியே நின்றால் 12,000 டொலருக்கு மேல் கழிவு. இந்தக் கழிவுக்கான ரி.எல்.2 படிவத்தில் கொம்பனி கையெழுத்திட வேண்டும். இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியம், வரி உங்கள் கையைத் தொடாமலே போய்விடும் என்பது. உங்கள் பழக்கத்துக்கு அதுதான் மருந்து. இந்தக் கொம்பனி மறுத்தால், ஏழு வருட அனுபவமும் சுத்தமான அப்ஸ்ட்ராக்ட்டும் (ஓட்டுநர் பதிவு) உள்ளவருக்கு வேறு கதவுகள் உண்டு.

லீஸ் ரு ஓன் ட்ரக் வேண்டாம். இந்த இரண்டு மூன்று வருடத்தில் இதைப் பற்றி எத்தனை பேர் ஆசையாகக் கேட்டுவிட்டார்கள்! 'சொந்த ட்ரக்' என்ற சொல்தான் இழுக்கிறது. கடைசித் தவணை முடியும்வரை அது உங்கள் பெயரில் இல்லை. எஞ்சின் பழுதாகிக் கராஜில் நின்றாலும் கிழமைத் தவணை போகும். லோட் தருவதும் தவணை வாங்குவதும் அதே கொம்பனி. அவர்களோடு கோபித்துக்கொண்டு வெளியேறினால் கட்டிய காசு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு 20,000 முற்பணத்தை வீட்டின் மேல் எடுத்தால் லைன் 66,000. அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

இனி டீமுக்கு வருகிறேன். நல்ல அனுபவமுள்ள ட்ரைவர் ஒருவரோடு என்றால் யோசிக்கலாம் என்று சொல்லியிருப்பேன். மச்சானோடு இப்போது வேண்டாம். காரணம் அவர் மச்சான் என்பதல்ல, லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது என்பதே. ஓடுகிற ட்ரக்கில் படுத்துறங்க முடிந்தால்தான் டீம் கணக்குச் சரிவரும். ஜனவரியில் வயோமிங்கில் ஐ-80இல் காற்றும் பனியும் அடிக்கும்போது புது ட்ரைவர் ஸ்டியரிங்கில் இருந்தால் திரைக்குப் பின்னால் நீங்கள் கண்ணை மூடுவீர்களா? லொக் புத்தகத்தில் அது 10 மணி நேர ஓய்வு, உடம்புக்கு அது காவல். அடுத்த 11 மணி நேரம் நித்திரையில்லாத நீங்கள் ஓட்டவேண்டும். 488 டொலருக்கு அது மலிவான விலையல்ல. மச்சான் வேறொரு கொம்பனியில், பழைய ஒருவரோடு ஒரு குளிர்காலமாவது ஓடட்டும். பிறகு ரொறன்ரோ–லொஸ் ஏஞ்சலிஸ் போல ஒரு நீண்ட ஓட்டம் இருவரும் போய்ப்பாருங்கள். திரும்பி வந்து நீங்கள் எத்தனை மணி நேரம் நித்திரை கொண்டீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

மச்சானுக்கு லைசன்ஸ் இருக்கிறது, இனி உழைப்பார். இரண்டு மாதத் தவணை சொல்லி அந்த 1,000ஐ நிறுத்துங்கள். நிறுத்திய நாளிலிருந்து அதே 1,000 லைனுக்குப் போகட்டும். வட்டி 6 வீதத்தில் நின்றால் 46,000 நாலரை வருடத்துக்குள் முடிந்துவிடும். மூத்த பிள்ளை பல்கலைக்கழகம் போகிற நேரமாகவும் அது இருக்கலாம். ரி4 கிடைக்கும்வரை, செக் வருகிற வெள்ளிக்கிழமையே 500 டொலரை வேறு வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். அந்த வங்கி அட்டை வீட்டில் இருக்கட்டும், ட்ரக்கில் வேண்டாம்.

பழைய மூன்று வருடத்துக்கும் வேறொரு கணக்காளரைப் பாருங்கள். சி.ஆர்.ஏ. உங்களைத் தேடி வருமுன் நீங்களாகப் போய்ச் சொன்னால் தண்டத்தையும் வட்டியில் ஒரு பகுதியையும் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு இருக்கிறது. கடிதம் வந்தபிறகு அந்தச் சலுகை சுருங்கிவிடும். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் அவருடைய பங்கும் இருக்கிறது, தம்பியிடம் இதைச் சொல்லவேண்டியவரும் அவர்தான்.