76.5 கோடி டாலர் ஆட்டக்காரர்: ஹுவான் சோட்டோ குறித்து வாசகர்கள் கேட்டவை

கேள்வி: நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி ஒரே ஒரு அவுட்ஃபீல்டருக்கு (வெளிக்களத்தில் நிற்கும் ஃபீல்டர்) 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்திருக்கிறது. இது நியாயமா?

பதில்: நியாயம் என்றே சொல்வேன். 2024 டிசம்பரில் ஒப்பந்தம் முடிவானபோது சோட்டோவுக்கு வயது 26. நட்சத்திரங்கள் பலர் முப்பதை நெருங்கும்போதுதான் சந்தைக்கு வருகிறார்கள். அதாவது மற்றவர்களிடம் ஓய ஆரம்பித்த உடலை வாங்குகிறார்கள். இவரிடம் உச்ச ஆண்டுகளையே வாங்குகிறார்கள்.

இன்னொன்று, அவருடைய கண். பேஸ்பாலில் ஓங்கி அடிப்பவர்கள் ஏராளம். எதை அடிக்கக் கூடாது என்று அறிந்தவர்கள் மிகச் சிலர். அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டால் முதல் பேஸ் (ஓடிச் சேர வேண்டிய முதல் நிலை) இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பெயர் ‘வாக்’. கிரிக்கெட்டில் நல்ல பந்தை விட்டால் விக்கெட் மிஞ்சும், அவ்வளவுதான். இங்கே பொறுமைக்கே கூலி உண்டு. 2024-இல் யாங்கீஸ் அணிக்காக சோட்டோ அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) 41, பெற்ற வாக் 129. வயதானால் வேகம் குறையும். இந்தக் கண் அவ்வளவு சீக்கிரம் மங்காது.

கேள்வி: டாட்ஜர்ஸ் அணி ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானியின் 70 கோடியும் இதுவும் ஏறத்தாழ ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஓட்டானிக்கு அதில் 68 கோடி 2034 முதல்தான், வட்டியில்லாமல் வரும். சோட்டோவின் சம்பளத்தில் ஒரு டாலர்கூடத் தள்ளிவைக்கப்படவில்லை.

கேள்வி: ஃப்ரீ ஏஜென்ட் என்பதும் ஏலம் என்பதும் ஒன்றா?

பதில்: நேர் எதிர். ஏலத்தில் அணி ஆட்டக்காரரை எடுக்கிறது. இங்கே ஆட்டக்காரர் அணியைத் தேர்ந்தெடுக்கிறார். பெரிய லீகில் ஆறு ஆண்டுப் பணி முடிந்து, கையில் ஒப்பந்தமும் இல்லாதவருக்கு அந்த உரிமை உண்டு.

அது சும்மா வந்த உரிமை அல்ல. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்பவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவரும் ஓர் அவுட்ஃபீல்டர்தான். “விருப்பம் கேளாமல் வாங்கி விற்க நான் சொத்தல்ல” என்ற பொருளில் லீகின் தலைமை நிர்வாகியான கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு, போக மறுத்து, வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் இந்தப் போராட்டத்தோடு போயிற்று. மெசர்ஸ்மித், மெக்நாலி என்ற இரு பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு) சாதகமாக மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தது 1975 டிசம்பரில். அதன் பிறகுதான் கதவு திறந்தது. சோட்டோவின் தொகையைப் பேராசை என்பவர்கள் ஃப்ளட்டின் கதையை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: 2025-இல் மெட்ஸ் பிளே-ஆஃபுக்கே போகவில்லையே. பணம் வீண்தானே?

பதில்: சோட்டோ அந்த ஆண்டு 43 ஹோம் ரன் அடித்தார், 127 வாக் பெற்றார், யாரும் எதிர்பாராதபடி 38 பேஸ்களைத் திருடினார் (பந்து அடிபடக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). ஜூன் நடுவில் அணி எல்லோருக்கும் முன்னால் நின்றது. பிறகு தொடக்கப் பிட்சர்கள் வரிசை குலைந்தது; 83 வெற்றி, 79 தோல்வி என்று கடைசி நாளில் வாய்ப்பு கைநழுவியது. மனம் வலித்த முடிவுதான். ஆனால் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை மட்டை பிடிப்பவர், எதிரணி குவிக்கும் ரன்களை எப்படித் தடுப்பார்? குறை பிட்சிங்கில் இருந்தது.

கேள்வி: அவருடைய ஃபீல்டிங்?

பதில்: சுமார். பிற்காலத்தில் மட்டையாளராக மட்டும் ஆடுவார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நடுவில் அவர் விலகிப் போக முடியுமா?

பதில்: 2029 பருவம் முடிந்ததும் முடியும். அதைத் தடுக்க மெட்ஸுக்கும் வழி உண்டு: மீதிப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 40 லட்சம் டாலர் கூட்டிக் கொடுக்க வேண்டும். அப்போது மொத்தத் தொகை 80.5 கோடி டாலர் ஆகும்.