நெஞ்சு வலியும் கால்சியம் ஸ்கேனும்: வாசகர் கேள்விகள்

எனக்கு 43 வயது. இரண்டு மாதமாக இடது மார்பில் ஊசி குத்துவதுபோல் வலி. சில நொடிகளில் போய்விடுகிறது. மாடி ஏறினாலும் வேகமாக நடந்தாலும் வருவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை; புகைப்பதில்லை. ஈசிஜி சரியாக இருக்கிறது. கால்சியம் ஸ்கேன் வேண்டுமா, டிரெட்மில் டெஸ்ட் போதுமா? (ஒரு வாசகி)

இதய ரத்தக்குழாய்களில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் சி.டி. படம்தான் கால்சியம் ஸ்கேன். நடக்கவைத்தபடியே ஈசிஜி பார்ப்பது டிரெட்மில் டெஸ்ட். உங்களுக்கு இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். இதய வலியா என்று பார்க்க மூன்று விஷயங்களைக் கேட்பார்கள். நடு நெஞ்சில் அழுத்துவதுபோல் இருக்கிறதா? உடல் உழைப்பிலோ மனப் படபடப்பிலோ வருகிறதா? ஓய்வெடுத்தாலோ நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாலோ ஐந்து நிமிடத்துக்குள் தணிகிறதா? உங்கள் வலி எதற்கும் ஒத்துவரவில்லை. உங்கள் வயதையும் ரிஸ்க்கையும் சேர்த்துப் பார்த்தால், அடைப்பு இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. 2024-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி, இந்த அளவில் மேற்கொண்டு பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம் என்கிறது. கால்சியம் ஸ்கேனுக்கு அது இடம் தருவது 5-க்கு மேல் 15 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு. 2021-இன் அமெரிக்க வழிகாட்டியும், ரிஸ்க் குறைந்தவர்களின் நிலையான நெஞ்சு வலிக்கு இதை முதல் பரிசோதனையாக எடுப்பது நியாயமே என்கிறது.

டிரெட்மில்லின் சிக்கல் வேறு. அடைப்புக்கு வாய்ப்பே குறைவானவர்களிடம் 'பாசிட்டிவ்' வந்தால், அது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிறகு அந்தப் பொய்யைப் பொய் என்று நிரூபிக்க ஆஞ்சியோகிராம் வரை போக வேண்டியிருக்கும்.

ஸ்கேனுக்குப் போகுமுன் என்ன செய்ய வேண்டும்? உள்ளே என்ன நடக்கும்?

சாயம் ஏற்றுவதில்லை, ஊசி இல்லை. அதனால் சிறுநீரகப் பரிசோதனையும் வேண்டாம். காபியும் புகையும் நாடித்துடிப்பை ஏற்றும், சில மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். மார்பில் ஈசிஜி ஒயர்களை ஒட்டி, மூச்சை ஏறக்குறைய பத்து விநாடி அடக்கச் சொல்வார்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் சற்று அசையாமல் இருக்கும் நேரம் பார்த்து மெஷின் படம் எடுக்கும். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்கோர் போடும் முறை 1990-இல் ஆர்தர் அகட்ஸ்டனும் சக மருத்துவர்களும் வகுத்தது. வழக்கமாக 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாகப் படம் வரும். ரத்தக்குழாயில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகோ (சி.டி. படத்தின் வெளுப்பை அளக்கும் அலகு) அதற்கு மேலோ வெளுப்பாக, குறைந்தது 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள புள்ளியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 130 முதல் 199 வரை என்றால் பரப்பை 1-ஆல் பெருக்குவார்கள். 200-களுக்கு 2, 300-களுக்கு 3, 400-உம் அதற்கு மேலும் 4. ஆக, 6 சதுர மில்லிமீட்டர் புள்ளியின் உச்ச வெளுப்பு 320 என்றால் 18. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் உங்கள் ஸ்கோர்.

தவறு நேர்வதும் இங்கேதான். மூச்சு தவறினாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ ஒரு புள்ளி கோடாக இழுபட்டு எண் மாறும். வலது ரத்தக்குழாய்தான் அதிகம் அசையும், அதனால் அதில்தான் கலங்கல் அதிகம். வால்வு ஓரத்துச் சுண்ணாம்பை ரத்தக்குழாயின் கணக்கில் சேர்த்துவிடுவதும் உண்டு. உடல் பருமன் அதிகம் என்றால் படத்தில் பொரிப்பொரியாக இரைச்சல் விழும். சின்னப் புள்ளி ஒன்று நிஜமா, இரைச்சலா என்பதே சந்தேகமாகிவிடும். ஒற்றை இலக்க ஸ்கோர் வந்தால் படத்தை இன்னொரு முறை பார்த்துச் சொல்லக் கேட்பதில் தப்பே இல்லை.

வயது 52. ஸ்கோர் 0. ஆனாலும் வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிறது. இனி கவலை இல்லையா?

இருக்கிறது. இந்த ஸ்கேன் பார்ப்பது சுண்ணாம்பை, அடைப்பை அல்ல. மென்மையான கொழுப்புப் படிவு இதன் கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சு வலியோடு வந்த சுமார் பத்தாயிரம் பேரை ஆராய்ந்த 'கன்ஃபர்ம்' பதிவேட்டில், பூஜ்யம் வந்தவர்களிலும் 3.5 சதவீதம் பேருக்குப் பாதிக்கு மேல் அடைப்பு இருந்தது. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு 1.4 சதவீதம் பேருக்கு. குத்தும் வலிக்காரருக்கு இந்த எண்கள் ஆறுதல். உங்களுடையது இதய வலியின் அச்சு அடையாளம். இதற்குச் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமோ, உழைப்பில் இதயத்துக்கு ரத்தம் போதுமா என்று பார்க்கும் பரிசோதனையோ வேண்டும். 40 வயதுக்குக் கீழே பூஜ்யத்தின் பலம் இன்னும் குறைவு. சுண்ணாம்பு சேரக் காலம் பிடிக்கும், அடைப்பு அதற்காகக் காத்திருக்காது.

ஓய்விலும் வலி வந்தால், வியர்வையோ மூச்சுத் திணறலோ கூட வந்தால், பழைய பூஜ்யத்தை மறந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அங்கே தேவை ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும்.

ஸ்கோர் 86 என்றால் 86 சதவீதம் அடைப்பா? ரத்தத்தில் கால்சியம் 9.4, சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. இது சதவீதமே அல்ல, ஆயிரத்தையும் தாண்டலாம். ரத்தக் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1 முதல் 99 வரை லேசான படிவு. 100-க்கு மேல் கவனம் கூட வேண்டும். 400 தாண்டினால் அதிகம். வயது தெரியாமல் எண்ணை மட்டும் வாசிப்பது வீண்: 45 வயதில் 86 கனமான சேதி, 75 வயதில் அப்படியில்லை. எப்படியானாலும் படிவு இருப்பது உறுதியாகிவிட்டதால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசியே ஆகவேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு ஸ்கோர் கூடுவதுண்டு. மென்படிவு இறுகுவதால் வரும் விளைவு அது. பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) அளவு போதும், ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்தவர் எடுக்கலாமா?

வேண்டாம். உலோகமும் வெள்ளையாகத்தான் தெரியும். தவிர, நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

நுரையீரலுக்காகப் போன மாதம் எடுத்த சி.டி. இருக்கிறது. அதிலேயே பார்த்துவிட முடியாதா?

ஓரளவு முடியும். அது துடிப்போடு ஒத்திசைத்து எடுக்காத படம். சின்னப் புள்ளிகள் கலங்கிவிடும். பெரிய படிவு இருந்தால் தப்பாது. ரேடியாலஜிஸ்டிடம் அந்தப் படத்தைத் திறந்து, இதய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு உண்டா என்று எழுதித் தரக் கேளுங்கள். 'இருக்கிறது' என்றால் நம்பலாம். 'தெரியவில்லை' என்றால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.