விருது இணைப்புக்குத்தான்: கண்ணாடிக் கட்டடங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்ணாடிக் கட்டடங்களுக்கு விருது என்று செய்தி வருகிறது. படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. எதைப் புதுமை என்கிறார்கள்?
– கட்டடக்கலை மாணவி, திருச்சி

பதில்: படத்தில் மின்னுவது கண்ணாடி. விருது பெரும்பாலும் ஒரு கண்ணாடி இன்னொன்றோடு சேரும் இடத்துக்கு. நல்ல உதாரணம் ஆம்ஸ்டர்டாமில் 2016இல் முடிந்த ‘கிரிஸ்டல் ஹவுசஸ்’ கடை முகப்பு. வடிவமைத்தது எம்.வி.ஆர்.டி.வி. நிறுவனம், கட்டும் முறையைக் கண்டுபிடித்தது டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பிரிட்டனின் முகப்புப் பொறியாளர் சங்கம் அந்த ஆண்டே அதற்குப் புதுமை விருது தந்தது.

பழைய செங்கல் வீட்டின் முகப்பை, ஜன்னல் சட்டம் உட்பட, அச்சு அசலாகக் கண்ணாடியில் எழுப்பியிருக்கிறார்கள். மேலே போகப் போகக் கண்ணாடி மறைந்து சுட்ட செங்கல்லாக மாறுகிறது. மொத்தம் 6,500க்கு மேற்பட்ட கண்ணாடிக் கற்கள். உள்ளே காற்றுக்கூடு இல்லாத, இத்தாலியில் வார்த்த முழுக் கற்கள். ஒரு கல்லின் உயரம் 65 மி.மீ. வார்த்த கல்லை அவசரப்பட்டு ஆறவிட்டால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். பிறகு தானே விரிசல் விடும். அதனால் பெரிய கல்லைக் குளிர்விக்க ஒரு நாளுக்கு மேல் பிடித்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சாதாரணச் செங்கல் ஒன்றிரண்டு மி.மீ. கூடக் குறைய இருந்தாலும் கொத்தனார் 10 மி.மீ. கலவையில் சரிக்கட்டிவிடுவார். இங்கே கலவைக்குப் பதில் புற ஊதா ஒளியில் இறுகும் பசை. அது 0.2 முதல் 0.3 மி.மீ. கனத்தில்தான் முழு வலுவைத் தரும். எனவே பசையால் எந்தத் தவறையும் விழுங்க முடியாது. கல்லின் உயரப் பிசகு 0.25 மி.மீ.க்குள் இருக்கும்படி மேலும் கீழும் இயந்திரத்தில் தேய்த்து மெருகேற்றினார்கள். அதுவும் போதாது: 100 வரிசையில் அதே பிசகு ஒரே பக்கம் சேர்ந்தால் 25 மி.மீ. ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் மட்டம் பார்த்தாக வேண்டும். முதல் வரிசைக்கு மட்டம் பார்க்க, ஒளியைப் பிரதிபலிக்கும் பரப்பாக அவர்கள் ஊற்றியது கொழுப்பு நீக்காத பால்! வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டு; வேலை முடியும் முன் பசை இறுகிவிடக் கூடாதே. கூடாரம் போட்டு அதற்குள் கட்டினார்கள்.

கேள்வி: அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாப்ஸ் தியேட்டரில் தூணே கிடையாதாமே? கூரை விளக்குக்கு வயர் எப்படிப் போகிறது?
– எலெக்ட்ரிக்கல் ஒப்பந்ததாரர், திருப்பூர்

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். குப்பர்டினோவில் ஆப்பிள் நிறுவன வளாகத்தில் உள்ள அந்த அரங்கின் நுழைவு மண்டபத்தில் தூண் இல்லை. சுமார் 80 டன் கார்பன் ஃபைபர் கூரையைத் தாங்குவது 22 அடி உயரமுள்ள வட்டக் கண்ணாடிச் சுவர் மட்டுமே. மின்சாரம், டேட்டா கேபிள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் எல்லாம் இரண்டு கண்ணாடிப் பலகைக்கு இடையிலுள்ள ஒடுக்கமான இணைப்பு வழியே மேலே ஏறுகின்றன. வெளியே பார்ப்பவருக்கு அது வெறும் சிலிக்கோன் கோடு. பிரிட்டனின் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனம் 2018இல் இதற்குக் கட்டமைப்புக் கலைத்திறன் விருது கொடுத்தது.

கேள்வி: விருது வாங்கிய கண்ணாடிக் கட்டடம் எதுவும் பழுதானது உண்டா?
– ஓய்வு பெற்ற பொறியாளர், மதுரை

பதில்: உண்டு, ஆனால் வரிசை தலைகீழ். முதலில் பழுது, பிறகு விருது. பாஸ்டனின் ஜான் ஹான்காக் டவர், 60 மாடி, ஹென்றி காப் வடிவமைப்பு. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1973 ஜனவரியில் அடித்த புயற்காற்றில் ஏராளமான கண்ணாடிகள் உடைந்தன. ஒவ்வொன்றும் சுமார் 225 கிலோ. உடைந்த இடமெல்லாம் பிளைவுட் அடித்து மூடியதில், ஊரார் அதை ‘பிளைவுட் மாளிகை’ என்றே கிண்டல் செய்தார்கள்.

கோபுரம் ஆடியதால்தான் உடைந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆட்டம் இருந்தது உண்மை. அதை அடக்கத் தலா 300 டன் எடையுள்ள இரண்டு தணிப்பான்களை மேல்மாடியில் வைத்தார்கள். ஆனால் கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் வேறு. அது இரட்டைக் கண்ணாடி. இரண்டு தாள்களுக்கு நடுவே ஈயப் பட்டை வைத்து, கண்ணாடியின் பிரதிபலிப்புப் பூச்சோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். பற்று அளவுக்கு மீறி நன்றாகப் பிடித்துக்கொண்டது. கண்ணாடி வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குகிறது, காற்றில் வளைகிறது. பட்டை துளிகூட இளகவில்லை. விட்டுக்கொடுக்காத இணைப்பு கண்ணாடியின் விளிம்பையே சில்லாகப் பெயர்த்தது. அந்தச் சில்லில் கிளம்பிய விரிசல் அடுத்த காற்றில் வேலையை முடித்தது.

கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் கழற்றி, ஒற்றைத் தாள் டஃபன்டு (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றிய) கண்ணாடி மாட்டினார்கள். 1977இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தேசிய விருது கொடுத்தது. 2011இல் காலம் கடந்து நிற்கும் கட்டடங்களுக்கான ‘25 ஆண்டு விருதும்’ வந்தது. இரண்டாவதைத்தான் நாங்கள் பெரிதாக மதிப்போம். திறப்பு விழா ஆண்டில் எந்தக் கண்ணாடியும் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் மாடியில் 12 மி.மீ. டஃபன்டு கண்ணாடிக் கைப்பிடிச் சுவர், நள்ளிரவில் யாரும் தொடாமலே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. திருஷ்டி என்கிறார் அம்மா. மட்டமான சரக்கு என்கிறார் மேஸ்திரி. எது சரி?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். உதிர்ந்தவற்றை அள்ளிக் கொட்டுவதற்கு முன் உடைப்பு தொடங்கிய இடத்தைத் தேடுங்கள். விரிசல்கள் எல்லாம் அங்கிருந்தே விசிறி போலப் பிரியும். அந்த மையத்தில் சற்றுப் பெரிய இரண்டு துண்டுகள் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல ஒட்டி நின்றால், குற்றவாளி பெரும்பாலும் நிக்கல் சல்ஃபைடு. உருக்கும்போது கலந்துவிடும் துகள் அது. பொடி மணல் அளவுதான் இருக்கும். டஃபன்டு செய்ய 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். துகளுக்குத் தன் குளிர்நிலை வடிவத்துக்குத் திரும்ப அவகாசம் கிடைப்பதில்லை. மாட்டிய பிறகு மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ மெல்ல மாறும்போது பருக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி இழுவிசையில் இருப்பதால் அந்தச் சின்னப் பருமனே போதும்.

மையம் விளிம்பிலோ துளையிலோ இருந்தால் கதை வேறு: திருகு நேரடியாகக் கண்ணாடியைத் தொட்டிருக்கும், திருகுக்கும் துளைக்கும் நடுவே வைக்கும் நைலான் புஷ் விட்டுப்போயிருக்கும், அல்லது இறக்கும்போது முனை தட்டியிருக்கும். அது மாட்டியவர் பொறுப்பு.

புதிதாகப் போடும்போது ‘ஹீட் சோக்’ செய்த கண்ணாடி கேளுங்கள். டஃபன்டு செய்தபின் மறுபடி அடுப்பில் வைத்து, 260 டிகிரி அளவில் 2 மணி நேரம் நிறுத்துவார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடைந்துவிடும். அபாயம் பெரிதும் குறையும், முழுக்கப் போகாது. ஆகவே மாடிக் கைப்பிடிக்கு ஒற்றைத் தாள் வேண்டாம். 6+6 லேமினேட் போடுங்கள்: 6 மி.மீ. தாள் இரண்டு, நடுவில் அவற்றை ஒட்டிப் பிடிக்கும் 1.52 மி.மீ. பிளாஸ்டிக் படலம். ஒரு தாள் உடைந்தாலும் தெருவில் கொட்டாது. கீழே தெரு இருந்தால் இதில் பேரமே பேசாதீர்கள்.

கேள்வி: நாங்கள் செய்த ஓர் அலுவலக முகப்பை விருதுக்கு அனுப்ப நினைக்கிறோம். என்னென்ன வைக்க வேண்டும்?
– ஃபாப்ரிகேட்டர், ஓசூர்

பதில்: முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்: மற்றவர் செய்யாத எதைச் செய்தீர்கள்? ‘முழுக்க ஒளிபுகும்’, ‘உலகத்தரம்’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். வாக்கியம் காலியாகிவிட்டால் இந்த வருடம் அனுப்ப வேண்டாம்.

அடுத்தது இணைப்பின் குறுக்குவெட்டு, 1:1 அளவில். கண்ணாடியின் சேர்மானம் முழுதாக வேண்டும். ‘6 மி.மீ., லோ-ஈ பூச்சு 2ஆம் முகத்தில், 12 மி.மீ. இடைவெளி, 6 மி.மீ.’ என்று எழுதினால்தான் நடுவருக்குப் புரியும். லோ-ஈ என்பது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு. வெளியிலிருந்து உள்ளே முகங்களை எண்ண வேண்டும். நம் வெயிலுக்குப் பூச்சு 2ஆம் முகத்தில் இருந்தால்தான் சூடு வெளிக்கண்ணாடியோடு நிற்கும்.

சிலிக்கோனால் மட்டும் நிற்கும் முகப்பு என்றால் ஒட்டும் அகலக் கணக்கைக் காட்டுங்கள். பலகையின் குறுகிய பக்கத்தில் பாதியைக் காற்றழுத்தத்தால் பெருக்கி, சிலிக்கோனின் அனுமதி வலுவான 140 கிலோபாஸ்கலால் வகுக்க வேண்டும். குறுகிய பக்கம் 1,500 மி.மீ., காற்று 2 கிலோபாஸ்கல் என்றால் 10.7 மி.மீ. வரும், 12 வைப்போம். பலர் சறுக்குவது இங்கே இல்லை, இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை அடைக்கும் பசையில். வழக்கமான ஜன்னலுக்குப் போடும் பாலிசல்ஃபைடு பசையை இதிலும் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் மறைப்பு இல்லாத இடத்தில் அது வெயிலில் கெட்டு, பிடி விட்டு, உள்ளே பனி படியும். ஓரத்திலும் சிலிக்கோன்தான் வேண்டும். லேமினேட் விளிம்பில் புளிப்பு வாசனை அடிக்கும் அசிட்டிக் வகை கூடாது. நியூட்ரல் வகை போடுங்கள்.

மாதிரிச் சுவர் சோதனை முடிவையும் இணையுங்கள்: காற்றுக் கசிவு, தண்ணீர்க் கசிவு, காற்றழுத்தம். முதல் சோதனையில் ஒழுகியிருந்தால் மறைக்காதீர்கள். எங்கே ஒழுகியது, எந்த ரப்பர் பட்டையை மாற்றினீர்கள் என்ற பக்கத்தை நடுவர் ஊன்றிப் படிப்பார். உடைந்த பலகையை எப்படி மாற்றுவது என்றும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மி.மீ.க்கு 2.5 கிலோ; 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் பலகை, மேலே சொன்ன 6 மி.மீ. இரட்டைக் கண்ணாடியில் 135 கிலோ. இதை எட்டாவது மாடியில், வெளியே கயிற்றில் தொங்கும் எந்தத் தொட்டிலில் நின்று, எத்தனை பேர் மாற்றுவார்கள்?

கேள்வி: மோசமான கட்டடத்துக்கும் விருது உண்டா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பிரிட்டனில் ‘கார்பங்கிள் கோப்பை’ என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். 2015இல் அது லண்டனின் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்துக்குப் போனது. தெற்குப் பக்கக் கண்ணாடி உட்குழிவாக இருந்ததால், 2013 கோடையில் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற ஒரு ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. பிறகு அந்த முகத்தில் நிழல் தகடுகள் மாட்டினார்கள்.