ரூம்மேட் தம் அடிப்பதை நிறுத்த நான் என்ன செய்யலாம், டாக்டர்?

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டல் ரூமில் எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் சிகரெட் பிடிக்கிறார்கள், ஒருவன் கூல் லிப் (உதட்டுக்குள் ஒதுக்கும் சின்னப் புகையிலைப் பை) வைக்கிறான். மூன்று பேருமே விடணும் என்கிறார்கள், ஆனால் இரண்டே நாளில் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். என்.எஸ்.எஸ். சார்பில் பேரணி நடத்திப் பார்த்தோம், ஒன்றும் மாறவில்லை. என்னால் ஏதாவது முடியுமா?

பதில்: முடியும் தம்பி. என்னிடம் வருகிற பையன் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவான், நீங்கள் அவர்களோடு தூங்கி எழுகிறீர்கள். அதனால் என்னைவிட உங்களால் அதிகம் முடியும்.

இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. நிகோடின் நின்ற சில மணி நேரத்திலேயே உடம்பு கேட்க ஆரம்பிக்கும், இரண்டாவது மூன்றாவது நாள் உச்சத்துக்குப் போகும், எரிச்சல் வரும், தூக்கம் வராது, புத்தகத்தில் மனசு நிற்காது, அம்மா போன் செய்தால்கூடக் கத்துவார்கள். இதைத் தாண்டிவிட்டால் மூன்று நாலு வாரத்தில் மெல்ல அடங்கும். அந்தத் தவிப்பும் அலை மாதிரிதான், ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், தண்ணீர் கொடுக்க, மொட்டை மாடிக்கு ஒரு நடை கூட்டிப்போக. உங்கள் வேலை அவ்வளவுதான், அறிவுரை வேண்டவே வேண்டாம்.

டீக்கடையைக் கவனியுங்கள். கடையில் கயிற்றில் லைட்டர் தொங்கும், டீ கிளாஸ் ஒரு கைக்கு வந்ததுமே இன்னொரு கை தானாக அங்கே போகும். முதல் மூன்று வாரம் டீயைப் பார்சல் வாங்கி ரூமிலேயே குடியுங்கள். நடுவில் ஒருவன் வந்து "ஒண்ணு அடிச்சிட்டேன்டா" என்றால் திட்டாதீர்கள், எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று மட்டும் கேளுங்கள், அடுத்த முறை எதைத் தவிர்க்கணும் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

ஹாஸ்டல் முழுக்கச் செய்ய ஆசையா? பிரிட்டனில் 59 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. யார் பேச்சை மற்றவர்கள் கேட்பார்கள் என்று 12, 13 வயதுப் பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் சொன்ன ஆட்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பத்து வாரம் மேடையேறாமல், நண்பர்களோடு இருக்கும்போது பேச்சுவாக்கில் பேசினார்கள், பயிற்சி இல்லாத பள்ளிகளைவிட அந்தப் பள்ளிகளில் புகைப்பவர்கள் குறைவாக இருந்தார்கள். அது பழகாமல் தடுப்பதற்காகச் செய்தது, ஆனால் ஆள் பிடித்த விதம் உங்களுக்கும் உதவும். வார்டனுக்குப் பிடித்த பையனைத் தேடாதீர்கள். கிரிக்கெட்டுக்கு டீம் சேர்க்கிறவன், போன வருஷம் தம்மை விட்டவன், இவர்கள்தான் வேண்டும்.

கூல் லிப் நண்பனிடம் ஒன்று சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துப் பார்க்கட்டும். அவன் பை வைக்கிற இடம் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் மாதிரிச் சுருங்கியிருக்கலாம். நிறுத்தினால் பலருக்கு அது சில வாரத்தில் சரியாகிறது, இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடணும். சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புகை இல்லையே, பரவாயில்லை என்று அவன் நினைத்தால் அது தப்பு, வாய்ப் புற்றுநோய் வர அதுவே போதும்.

நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும், அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, சுருசுருவென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கணும், டீ காபி குடித்துக் கால் மணி நேரமாவது கழித்துத்தான் போடணும். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலும் பேசுவார்கள், கூச்சப்பட்டால் நீங்களே டயல் செய்து கொடுங்கள்.

அப்புறம், மூன்று பேரும் ஒரே நாளில் நிறுத்தட்டும். ரூமில் ஒருவனிடம் பாக்கெட் இருந்தாலும் மற்றவர்கள் தாங்க மாட்டார்கள். இன்டர்னல் தேர்வு இல்லாத வாரமாக, நீங்கள் ஊருக்குப் போகாத வாரமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.