விண்டோஸ் 11 ஏறாத மெஷினில் லினக்ஸ் போட்டு கேம் விளையாடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். வீட்டுக் கம்ப்யூட்டர் ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 250 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 தான் ஓடுகிறது. இதில் விண்டோஸ் 11 ஏறாது, புது மெஷின் எடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். இப்போது அதற்குக் காசு இல்லை. லினக்ஸ் போட்டால் கேம் ஓடுமா? நான் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, விட்சர் 3, ஜிடிஏ 5 விளையாடுவேன், அலுவலக நண்பர்களுடன் கவுன்டர் ஸ்ட்ரைக் 2. தம்பி வலோரண்டும் எஃப்சி 25உம். அம்மா லண்டனில் இருக்கும் அக்காவுடன் வீடியோவில் கதைப்பதும் இதே மெஷினில்தான்.

பதில்: உங்களுடைய கேம்கள் ஓடும். தம்பியுடையவை இரண்டும் ஓடாது. இந்த இரண்டு வசனத்தையும் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை யோசிக்க வேண்டும்.

லினக்ஸில் கேம் வேகமாக ஓடுமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, யாருடன் விளையாடுகிறீர்கள் என்று. தனியாக இருந்து கதையோடு போகும் கேம் விளையாடுபவருக்கு லினக்ஸ் இன்று நல்ல இடம். முன்பின் தெரியாதவர்களோடு ஆன்லைனில் போட்டி போடுபவருக்குப் பல கதவுகள் பூட்டியே இருக்கின்றன.

முதலில் நல்ல பக்கம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் புரோட்டான் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸ் கேம் ‘டைரக்ட்எக்ஸ்’ மொழியில் கார்டுக்குக் கட்டளை கொடுக்கும். லினக்ஸில் அந்த மொழி கிடையாது, ‘வல்கன்’ இருக்கிறது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுப்பதுதான் புரோட்டானின் முக்கியமான வேலை. 1993இல் தொடங்கிய வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் கட்டியது இது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க லினக்ஸில் ஓடுவதால், வால்வ் இதற்குத் தொடர்ந்து ஆட்களும் காசும் போட்டுவருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது வழமைபோல ஸ்டீமைத் திறந்து இன்ஸ்டால் அழுத்துவது மட்டும்தான்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். ரெட் டெட் 2 தானே வல்கன் பேசத் தெரிந்த கேம். கிராபிக்ஸ் செட்டிங்கில் வல்கனைத் தெரிவுசெய்தால் மொழிமாற்றமே தேவைப்படாது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2க்கு வால்வே லினக்ஸ் பதிப்பு தருகிறது, நண்பர்களோடு சேருவதில் வித்தியாசம் தெரியாது. (ஃபேஸிட் தளத்தில் விளையாடுகிறவராக இருந்தால் அது மட்டும் லினக்ஸில் முடியாது.) விட்சர் 3 திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று இரண்டு வழி காட்டும். உங்கள் கார்டுக்கு 11ஐ எடுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஜிடிஏ 5 கதை ஓடும், ஆன்லைன் ஓடாது.

ஏன் ஆன்லைன் மட்டும் ஓடாது? அங்கேதான் பூட்டு இருக்கிறது. ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்க ஆன்லைன் கேம்கள் ஒரு காவல்காரனை வைத்திருக்கின்றன, ஆன்டி சீட் என்பார்கள். சில காவல்காரர்கள் வாசலில் நிற்பார்கள். சிலர் வீட்டுக்குள் வந்து, விண்டோஸின் ஆக அடியில், கேர்னலில் உட்கார்ந்துகொள்வார்கள். வலோரண்டின் வேன்கார்ட் இரண்டாவது வகை. அது எதிர்பார்க்கும் விண்டோஸ் கேர்னல் லினக்ஸில் இல்லை, அதைப் புரோட்டானால் நடித்துக் காட்டவும் முடியாது. எஃப்சி வரிசையில் இஏ நிறுவனம் வைத்திருக்கும் ஆன்டி சீட்டும் அப்படித்தான். ஃபோர்ட்நைட், பப்ஜி, வோர்சோன் விளையாடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இதில் எனக்கு உண்மையிலேயே மனம் நோகும் விஷயம் ஒன்று உண்டு. ஈசி ஆன்டி சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் புரோட்டானில் வேலை செய்யக்கூடியவை. கேம் செய்த நிறுவனம் அனுமதி கொடுத்தால் போதும். எல்டன் ரிங் அப்படித்தான் ஆன்லைனிலும் ஓடுகிறது. ஜிடிஏ ஆன்லைனுக்கு 2024 செப்டெம்பரில் பேட்டில்ஐ வந்தபோது அந்த அனுமதி கொடுக்கப்படவில்லை. அதுவரை லினக்ஸில் விளையாடியவர்கள் அன்றோடு வெளியே. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது, 2024 ஒக்டோபர் கடைசியில் அதுவும் லினக்ஸ்காரர்களுக்குப் பூட்டப்பட்டது. அதனால் இன்று ஓடும் ஆன்லைன் கேம் நாளைக்கும் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கும் முன் இதை நினைவில் வைத்திருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது லினக்ஸுக்குள்ளேயே ஓடும் பாவனைக் கம்ப்யூட்டருக்குள், விண்டோஸ் போட்டு வேன்கார்டை ஏமாற்றலாம் என்று வீடியோக்கள் இருக்கும். தம்பியைத் தொட விடாதீர்கள், அவருடைய கணக்கே தடைப்பட்டுப் போகலாம்.

இனி உங்கள் கார்ட். கடையில் யாரும் சொல்லமாட்டாத பகுதி இது. ஜிடிஎக்ஸ் 1060 என்விடியாவின் பாஸ்கல் தலைமுறை. டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் விண்டோஸில் கிடைத்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட வரும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் இந்தத் தலைமுறை லினக்ஸில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்தங்குகிறது. விட்சரில் 11ஐ எடுக்கச் சொன்னது அதனால்தான். புதிதாக வரும் பெரிய கேம்களில் பல 12ஐ மட்டுமே தருவதால், அவற்றுக்கு இந்த மெஷினில் லினக்ஸ் சரிவராது.

இன்னொன்று, பாஸ்கலுக்கு என்விடியா தரும் கடைசி ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வரிசை 580. இதற்குப் பிறகு வரும் வரிசைகள் உங்கள் கார்டை அடையாளம் காணாது. எப்போதும் ஆகப் புதியதையே ஏற்றிக்கொண்டிருக்கும் ஆர்ச் வகை லினக்ஸ் போட்டால், ஒருநாள் அப்டேட் முடிந்து ஸ்கிரீன் கறுப்பாக நிற்கக்கூடும். ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போடுங்கள். அதில் ‘ட்ரைவர் மேனேஜர்’ திறந்து 580ஐத் தெரிவுசெய்து, அதிலேயே நில்லுங்கள். பின்னொரு காலத்தில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ தெரிந்தவர்களிடமோ பாவித்த கார்ட் தேடினால், ஏஎம்டி ரேடியோன் பாருங்கள். அதற்கு வேண்டிய ட்ரைவர் லினக்ஸுக்குள்ளேயே வருகிறது, தனியாக எதையும் ஏற்றத் தேவையில்லை.

டேட்டாவைப் பற்றியும் சொல்லவேண்டும், நமக்கெல்லாம் மாத அளவு முடிந்துபோகும் பேக்கேஜ்தானே. ரெட் டெட் 2க்கு மட்டும் 150 ஜிபி இடம் வேண்டும். அதை இரண்டாம் முறை டவுன்லோட் செய்யாதீர்கள். உங்கள் மூன்று கதை கேம்களுக்கும் புரோட்டான் பாவிப்பது விண்டோஸ் பதிப்பின் அதே பைல்கள். லினக்ஸ் ஸ்டீமில் இன்ஸ்டால் அழுத்தி, டவுன்லோட் தொடங்கியவுடன் நிறுத்துங்கள். விண்டோஸ் டிஸ்கில் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ போல்டருக்குள் ‘கொமன்’ என்று ஒரு போல்டர் இருக்கும். அங்கிருந்து கேம் போல்டரை லினக்ஸ் பக்கத்தில் அதே இடத்துக்குக் கொப்பி செய்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஸ்டீம் பைல்களைச் சரிபார்த்து, குறைகிறதை மட்டும் இறக்கும். இன்னொரு பக்கத்தில், லினக்ஸில் ஸ்டீம் ஒவ்வொரு கேமுக்கும் ‘ஷேடர்’ என்று, கார்ட் படம் வரையப் பாவிக்கும் பைல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருக்கும். டேட்டா இறுக்கமென்றால் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய் ஷேடர் பிரீ கேஷிங்கை நிறுத்தலாம். நிறுத்தினால் புது இடங்களுக்குள் போகும்போது முதல் தடவை படம் சற்று இழுத்து இழுத்து ஓடும்.

கொப்பி செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கிலேயே கேமை வைத்து, இரண்டு பக்கமும் பாவிக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படி வைத்திருந்தேன். ஒரு மழை இரவு, விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. திரும்ப வந்தபோது அந்த டிஸ்கை லினக்ஸ் திறக்க மறுத்துவிட்டது. விண்டோஸுக்குள் போய் டிஸ்கைச் சரிசெய்தேன், ஆனால் மூன்று வாரம் விளையாடிய சேவ் போய்விட்டது. கேமும் சேவும் லினக்ஸின் சொந்த எக்ஸ்ட்4 பகுதியில் இருக்கட்டும். விண்டோஸில் ‘பாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் மெஷினை நிறுத்திய பிறகும் விண்டோஸ் அந்த டிஸ்கை விட்டுக்கொடுக்காது.

கிராக் கேம்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லினக்ஸில் வைரஸ் பிடிக்காது என்று நம்பி, எங்கிருந்தோ எடுத்த கேமை வைனில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வைன் என்பது பூட்டிய அறையில்லை. அதற்குள் ஓடும் புரோகிராமுக்கு உங்கள் வீட்டுப் போல்டரிலுள்ள படங்கள், பத்திரங்கள் எல்லாம் ‘இசட்’ டிரைவாகத் தெரியும். அம்மாவின் வங்கி விவரம் இருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. ஸூம், கூகுள் மீட் இரண்டும் ஓடும், தமிழ் விசைப்பலகையும் உண்டு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் செருகியவுடன் வேலை செய்யும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர், மும்பை சேர்வர்களுக்கு உள்ள பிங், அதாவது போய்வர எடுக்கும் நேரம், லினக்ஸால் கூடவோ குறையவோ போவதில்லை. எபிக் என்ற இன்னொரு கேம் கடையில் வாங்கிய கேம்களை ஹீரோயிக் லோஞ்சர் மூலம் எடுக்கலாம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் கேம்களை மட்டும் லினக்ஸில் இறக்கி விளையாட முடியாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், புது மெஷின் வாங்கமாட்டேன், விண்டோஸை அழிக்கவும் மாட்டேன். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி லினக்ஸுக்குக் கொடுப்பேன். பழைய 250இல் விண்டோஸ் 10 தம்பிக்காக இருக்கட்டும். அதற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்களை 2026 ஒக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர்ந்துகொள்ளுங்கள். வங்கி, ஈமெயில், அக்காவுடன் கதைப்பது எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் கேமுக்கு மட்டும்.

லினக்ஸ் ஏற்றும்போது பழைய எஸ்எஸ்டியினதும் ஹார்ட் டிஸ்கினதும் வயர்களைக் கழற்றிவிடுங்கள், தவறான டிஸ்கை அழிக்கும் ஆபத்து இல்லாமல் போகும். முடிந்த பிறகு மாட்டினால், மெஷின் தொடங்கும்போது பூட் மெனுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரிவுசெய்யலாம். அதற்கு முன் விண்டோஸின் டொக்கியுமென்ட்ஸ் போல்டரிலுள்ள சேவ்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

இனிப் புதிதாக ஒரு கேம் வாங்க நினைத்தால் அதன் பெயரை புரோட்டான்டிபி தளத்தில் போட்டு, உங்களைப்போல 1060 வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வடிவாக வாசியுங்கள். வாங்கிய பிறகும் ஓடவில்லையென்றால், 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். ஓடாத கேமை ஓடவைக்க மினக்கெடும் நேரமும் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் சேரும் என்பதால், வாங்கிய அன்றே திறந்து பார்த்துவிடுங்கள்.