தலையில் காந்தம் வைத்தால் தம்பிக்குக் குணமாகுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பி, மூளையைத் தூண்டி ஆராயும் விஞ்ஞானி ஒருவரின் ஆய்வில் சேரப் போகிறான். தலையில் காந்தம் வைப்பார்களாம். 'கரண்ட் ஷாக்' என்று அம்மா அழுகிறார். தைப்பூசத்துக்குக் காவடி வேறு எடுக்கிறான். அனுப்பலாமா?

பதில்: இது ஷாக் சிகிச்சை இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பார்கள். (அதுவும் சினிமாவில் காட்டுகிற அளவுக்குக் கொடூரமானது இல்லை.) நீங்கள் சொல்வது டி.எம்.எஸ். என்கிற காந்தத் தூண்டல் முறை போலிருக்கிறது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டியது. தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளின் காந்தப்புலம் சட்டென்று மாறும்போது, மூளையின் மேற்பரப்பில் சின்ன மின்னோட்டம் பிறக்கும். தம்பி விழித்தேதான் இருப்பார். 'டக் டக்' சத்தத்துக்குக் காதடைப்பான் தருவார்கள். சிலருக்குத் தலைவலி வரும்.

ஆய்வில் இது எதற்கு? ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்ளும்போது மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பாவதை ஸ்கேன் காட்டும். ஆனால் அந்தப் பகுதி இல்லாமல் ஞாபகம் வருமா என்று அது சொல்லாது. எந்த சுவிட்சை அணைத்தால் எந்த அறை இருட்டாகிறது என்று பார்ப்பது போல, அந்த இடத்தைச் சில நொடி, சில நிமிடம் லேசாகக் குழப்பிப் பார்க்கிறார்கள். மனநோய்களில் எந்த இணைப்பு தடுமாறுகிறது என்பதையும் இப்படித்தான் தேடுகிறார்கள்.

என் கவலை வேறு. தம்பி இதைச் சிகிச்சை என்று நம்பிப் போகிறாரா? அமெரிக்காவில் 2008-இல் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற டி.எம்.எஸ். சிகிச்சையை வாரம் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை கொடுப்பார்கள். ஆய்வில் ஓரிரு தடவையோடு முடிந்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் சத்தம் மட்டும் போடும் போலிச் சுருளும் வைக்கலாம். ஆகவே மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரையின் பெயரையும் ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும், சில மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

வலிப்பு மிக அரிது. ஆனாலும் முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, பேஸ்மேக்கர் இருந்தாலோ மறைக்கக் கூடாது. காவடி அலகை எடுத்துவிடுவதால் அது பிரச்சினை இல்லை. விரதத்தில் பட்டினியும் பஜனையில் தூக்கம் கெடுவதும்தான் பிரச்சினை. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடியது. அதனால் காவடி முடிந்து, அலகுப் புண் ஆறி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு தேதி வாங்கச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, நடுவில் விலகலாமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். இடையில் உயிரை விடுகிற பேச்சு வந்தால் ஆய்வுத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.